சிற்றுண்டிச்சாலை வாசலில் நின்ற மனிதர்

  

 

அறிஞர்களையும் தலைவர்களையும் கொடை வள்ளல்களையும் நினைவுகூர்வது நமது வழக்கம். அவர்களுடைய பெயர்கள் பாடசாலைகளுக்கும் வீதிகளுக்கும் மண்டபங்களுக்கும் சூட்டப்படுகின்றன. அது தகுந்ததே. இன்று நாம் நினைவுகூரப் போவது அத்தகைய ஒருவரையல்ல. ஒரு பல்கலைக்கழகத்தின் சுத்திகரிப்புத் தொழிலாளியை, ஒரு சிறு பெண்பிள்ளையின் தந்தையை, நாம் நினைவுகூரப் போகின்றோம். அவர் நமது நாட்டவரல்லர், நமது மார்க்கத்தவருமல்லர். எனினும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய ஒரு மனிதர்.

அதற்கு முன் மதீனா நகரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்து வந்த ஒரு கறுப்பினப் பெண்மணி அங்கு வாழ்ந்தார். உம்மு மிஹ்ஜன் என்று சில அறிவிப்புகள் அவரைக் குறிப்பிடுகின்றன. பெரும் குலமும் இல்லை, செல்வமும் இல்லை. பள்ளிவாசலில் கிடக்கும் குப்பைகளையும் துரும்புகளையும் பொறுக்கி அகற்றுவதே அவருடைய பணி. ஒரு நாள் அவர் மௌத்தானார். தோழர்கள் தாமாகவே ஜனாஸாவை அடக்கம் செய்துவிட்டனர். இதைப் போய் நபியவர்களுக்கு அறிவித்துச் சிரமப்படுத்த வேண்டுமா என்று அவர்கள் எண்ணினர்.

ஆனால் நபி (ஸல்) அவர்களின் பார்வையிலிருந்து அந்தப் பெண்மணி தப்பவில்லை. அவரைக் காணாதது கண்டு, அவர் எங்கே என்று விசாரித்தார்கள். மௌத்தாகிவிட்டார் என்று கூறப்பட்டபோது, தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். அவருடைய விடயத்தை அவர்கள் சிறிதாகக் கருதிவிட்டனர் போலும் என்று அந்த ஹதீஸின் அறிவிப்பிலேயே வருகின்றது. பின்னர் கப்றைக் காட்டுமாறு கேட்டு, அங்கு சென்று அவருக்காகத் தொழுதார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் ஹதீஸ் கிரந்தங்களிலும் பதிவான சம்பவம் இது.

அன்புச் சகோதரர்களே! ஓர் அரசின் தலைவராக, படைத் தளபதியாக, நீதிபதியாக, ஓர் உம்மத்தின் சுமை அனைத்தையும் தாங்கியவராக இருந்த நபியவர்களுக்கு, பள்ளிவாசலைக் கூட்டிய ஒரு பெண்மணி வராதது தெரிந்திருந்தது. நமது பாடசாலையைக் கூட்டுபவர் இன்று வரவில்லையென்றால் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரிய வரும்? குப்பை குவிந்த பிறகே தெரிய வரும். அப்போதும் நாம் தேடுவது குப்பையை அகற்ற ஓர் ஆளையே. வராத மனிதரைத் தேட மாட்டோம். இவ்வுரையின் விடயம் முழுவதும் இந்த வேறுபாட்டினுள் அடங்கியிருக்கின்றது.

கல்முனை முதல் பொத்துவில் வரையிலான நமது கரையோரத்தில் பல்கலைக்கழகம் என்றதும் நினைவுக்கு வருவது ஒலுவில். 1995 ஒக்டோபர் 23ஆம் திகதி பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து, 1996 மே 15ஆம் திகதி முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்தது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். யுத்தத்தினால் கிழக்கின் மாணவர்கள் கல்வியை இழந்து நின்ற காலத்தில் அதனை உருவாக்கப் பாடுபட்ட மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களை நாம் மறப்பதில்லை, மறக்கவும் கூடாது. அங்கு கற்று வெளியேறிய பட்டதாரிகள் இன்று நமது ஊர்ப் பாடசாலைகளிலும் காரியாலயங்களிலும் கடமையாற்றுகின்றனர்.

ஆனால் ஒரு பல்கலைக்கழகம் உபவேந்தராலும் விரிவுரையாளர்களாலும் மாணவர்களாலும் மாத்திரம் இயங்குவதில்லை. காலையில் முதல் விரிவுரை ஆரம்பமாவதற்கு முன்னரே மண்டபத்தைக் கூட்டித் துடைத்தவர் ஒருவர் இருக்கின்றார். விடுதியின் நீர்த்தாங்கி நிரம்பியிருப்பதைப் பார்த்தவர் ஒருவர் இருக்கின்றார். கடற்காற்றில் கலந்த உப்பு இரும்பைத் தின்னும் நமது கரையோரத்தில், துருப்பிடித்த குழாயையும் பிணைச்சலையும் மாற்றுபவர் ஒருவர். வடகீழ்ப் பருவமழை கொட்டும் நாட்களில் வடிகானை அடைத்த சருகையும் பொலித்தீனையும் கையால் அள்ளி எடுப்பவர் ஒருவர். மலசலகூடம் அடைபட்டால் அழைக்கப்படுபவரும் அவரே. சிற்றூழியர் என்று நாம் அவர்களை அழைக்கின்றோம். பெயரில் சிறுமை இருக்கின்றது, பணியில் இல்லை. ஒரு விரிவுரையாளர் ஒரு வாரம் வராவிட்டால் ஒரு பாடம் பின்தள்ளிப் போகும். துப்புரவுத் தொழிலாளர்கள் ஒரு வாரம் வராவிட்டால் விடுதியில் எவரும் குடியிருக்க முடியாது.

சாகாமம் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் நம்மவர்களுக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. குளம் நிரம்பியிருந்தால் மட்டும் போதுமா? வாய்க்காலில் மண்டிய புல்லையும் சேற்றையும் வெட்டி அகற்றாமல் நீர் கடைசி வரவைக்கு வந்து சேருமா? வராது. கண்ணுக்குத் தெரியும் குளத்தைப் போற்றுகின்றோம். வாய்க்காலைத் துப்புரவு செய்த மண்வெட்டியை மறந்து விடுகின்றோம். கல்விக்கூடங்களிலும் இவ்வாறே.

இப்போது நான் கூற வந்த மனிதரிடம் வருகின்றேன்.

பாகிஸ்தானின் தலைநகரான இஸ்லாமாபாத்தில் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1980ஆம் ஆண்டு ஸ்தாபிக்கப்பட்ட அக்கலாபீடத்தில் பல நாடுகளையும் சேர்ந்த முஸ்லிம் மாணவர்கள் ஷரீஆவையும் அரபு மொழியையும் ஏனைய கலைகளையும் கற்கின்றனர். மாணவிகளுக்கென அங்கே தனிப் பிரிவும் தனிச் சிற்றுண்டிச்சாலையும் உண்டு. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அந்தச் சிற்றுண்டிச்சாலைப் பகுதியில் சுத்திகரிப்புத் தொழிலாளியாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். அவரது பெயர் பர்வேஸ் மஸீஹ்.

மஸீஹ் என்ற சொல் நமக்கு அந்நியமானதன்று. ஈஸா (அலை) அவர்களை அல்குர்ஆன் அழைக்கும் சிறப்புப் பெயர் அது. பாகிஸ்தானில் வாழும் கிறிஸ்தவர்களில் பலர் அதனைத் தமது பெயரின் பிற்பகுதியாக வைத்துக்கொள்கின்றனர். அந்நாட்டில் கிறிஸ்தவர்கள் மிகச் சிறுபான்மையினர். நகரங்களின் கழிவகற்றும் வேலையிலும் கூட்டித் துடைக்கும் வேலையிலும் அவர்களுள் பெருந்தொகையினர் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டு வருகின்றனர். அவ்வேலையின் காரணமாகவே இழிவாக நோக்கப்பட்டும் வருகின்றனர். பர்வேஸ் மஸீஹும் அத்தகைய ஒரு குடும்பத்தவரே. அயல் நகரான ராவல்பிண்டியில், ஒரே அறையில், குடும்பத்தினர் ஏழு பேருடன் அவர் வாழ்ந்தார். மனைவி இருந்தார், மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள், தாயும் இருந்தார். அவருக்கெனப் பேசப்பட்ட மாதச் சம்பளம் 5,000 பாகிஸ்தான் ரூபாய். அன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய 60 அமெரிக்க டொலர்.

அந்த ஒக்டோபரில் பாகிஸ்தான் பெரும் கொந்தளிப்பில் இருந்தது. 17ஆம் திகதி தென் வஸீரிஸ்தானில் இராணுவம் தீவிரவாதிகளுக்கு எதிரான பெரும் நடவடிக்கையை ஆரம்பித்திருந்தது. மூன்று நாட்களின் பின், 2009 ஒக்டோபர் 20, செவ்வாய்க்கிழமை, தற்கொலைக் குண்டுதாரிகள் இருவர் இப்பல்கலைக்கழகத்தினுள் நுழைந்தனர். ஒருவன் ஷரீஆ, சட்டத் துறையின் காரியாலயம் இருந்த பகுதியில் வெடிக்கச் செய்தான். மற்றவன் பெண்ணுடை அணிந்து மாணவிகளின் சிற்றுண்டிச்சாலையை நோக்கி வந்தான். காவலாளியைச் சுட்டு வீழ்த்தினான். சிற்றுண்டிச்சாலையின் உள்ளே அப்போது 300 முதல் 400 வரையான மாணவிகள் இருந்ததாகப் பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைவர் பேராசிரியர் பதேஹ் முஹம்மத் மலிக் பின்னர் தெரிவித்தார்.

வாசலில் அவனை எதிர்கொண்டவர் பர்வேஸ் மஸீஹ். அவரிடம் ஆயுதம் இல்லை. காவல் காப்பது அவருடைய கடமையும் இல்லை. அவர் அவனை உள்ளே செல்ல விடாது வாசலிலேயே தடுத்தார். குண்டு அங்கேயே வெடித்தது. பர்வேஸ் மஸீஹ் உயிரிழந்தார். அன்றைய தாக்குதலில் மாணவிகள் சிலரும் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். எனினும் அந்த மனித வெடிகுண்டு மண்டபத்தின் நடுவே சென்று வெடித்திருந்தால் நிகழ்ந்திருக்கக் கூடியதை எண்ணிப் பாருங்கள்! உள்ளே இருந்த நூற்றுக்கணக்கான மாணவிகள் அன்று மாலை தமது பெற்றோருடன் பேசினர். அந்த வாசலில் நின்ற மனிதரின் வீட்டிலோ அன்று மாலை அழுகுரல் எழுந்தது.

அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் கூட நிறைவடைந்திருக்கவில்லை. முதல் மாதச் சம்பளத்தை அவர் கையில் பெறவேயில்லை. அந்த மாணவிகளுள் எவருக்கும் அவருடைய பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்களுடைய பெயர்களும் அவருக்குத் தெரிந்திருக்காது. இரத்த உறவில்லை, மார்க்க உறவில்லை, ஒரு வாரப் பழக்கம் கூட இல்லை. பின்னர் எதற்காகத் தடுத்தார்? அவர் உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான். நாம் காணக்கூடியது இவ்வளவே: அந்த இடத்தைப் பராமரிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது; தரையை மட்டுமன்றி, அங்கே அமர்ந்திருந்தவர்களையும் அப்பொறுப்பினுள் அவர் சேர்த்துக்கொண்டார். அமானிதம் என்று நாம் மிம்பரில் நின்று விளக்குவது இதனையன்றி வேறெதனை?

அன்பான இளைஞர்களே! இந்த இடத்தில் உங்களுடைய முழுக் கவனத்தையும் வேண்டுகின்றேன். அன்று அந்த வாசலில் இரு மனிதர்கள் நேருக்கு நேர் நின்றனர். ஒருவன் தன்னை இஸ்லாத்தின் போராளி என்று எண்ணிக்கொண்டவன். கற்றுக்கொண்டிருந்த முஸ்லிம் பெண்பிள்ளைகளைக் கொல்வதற்கு, அதுவும் ஓர் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தினுள், அவன் வந்தான். மற்றவர் தும்புத்தடி பிடிக்கும் தொழிலாளி, கிறிஸ்தவர். அப்பெண்பிள்ளைகளைக் காப்பாற்ற அவர் உயிரைக் கொடுத்தார். ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனித குலத்தையே கொல்வதற்கும், ஓர் உயிரை வாழவைப்பது மனித குலத்தையே வாழவைப்பதற்கும் ஒப்பாகும் என்ற கருத்தினைத் தரும் ஸூரத்துல் மாயிதாவின் 32ஆவது வசனத்தை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அந்த வாசலில் யார் அவ்வசனத்துக்கு மாறு செய்தார்? யார் அதன் வழியில் நடந்தார்? விடையை நான் கூறத் தேவையில்லை.

இது தூர தேசத்துச் செய்தி என்று ஒதுக்கிவிடும் நிலையிலும் நாம் இல்லை. ஏறக்குறைய பத்து ஆண்டுகளின் பின்னர், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு அன்று, நமது நாட்டிலேயே அத்தகைய கொடுமை நிகழ்ந்தது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நமக்கு அயலில் உள்ள மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்துக்கு முதுகுப் பையுடன் ஓர் அந்நியன் வந்தபோது, சந்தேகம் கொண்டு அவனை உள்ளே விடாது வெளியே நிறுத்தியவர் ரமேஷ் ராஜு. கட்டட வேலைகளை ஒப்பந்தத்துக்குச் செய்து வந்த ஒரு குடும்பஸ்தர்; இரு பிள்ளைகளின் தந்தை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அன்று அந்த ஆலயத்தில் இருந்தனர். குண்டு வெளியே வெடித்தது. சின்னஞ் சிறார்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். ரமேஷ் ராஜுவும் உயிரிழந்தார். உள்ளே இருந்த பெருந்தொகையானோர் உயிர் தப்பினர். இஸ்லாமாபாத்தில் ஒரு வாசல். மட்டக்களப்பில் ஒரு வாசல். இரண்டிலும் குடும்பத்துக்காக உடலுழைப்பால் உழைத்து வந்த ஒரு தந்தை நின்றார்.

ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, நமது சாய்ந்தமருதில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. அங்கு மனைவி மக்களுடன் தங்களையும் வெடிக்கச் செய்துகொண்டவர்களும் தந்தையர்களே. குடும்பத்தின் மீது பொறுப்புடைய தந்தை எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கும், எவ்வாறு இருக்கக் கூடாது என்பதற்கும், ஒரே வாரத்தில் ஒரே மாகாணத்தில் நாம் சாட்சிகளைக் கண்டோம். அன்று சந்தேகத்துக்குரியவர்களைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் சாய்ந்தமருது முஸ்லிம்களே என்பதையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அவர்களும் தம் ஊரின் வாசலைக் காத்தவர்களே.

முஸ்லிமல்லாத ஒருவரை ஒரு மௌலவி இவ்வளவு புகழ்ந்துரைக்கலாமா என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வியே. ஸீராவில் அதற்கு விடை உண்டு.

தாயிப் நகரில் கல்லடி பட்டு இரத்தம் சிந்தத் திரும்பிய நபி (ஸல்) அவர்களுக்கு மக்காவினுள் நுழையப் பாதுகாப்பளித்தவர் யார்? முத்இம் இப்னு அதீ. அவர் இஸ்லாத்தை ஏற்கவில்லை, இணைவைப்பவராகவே மரணித்தார். பின்னர் பத்ரு யுத்தம் நடந்தது. எதிரிகளில் எழுபது பேர் கைதிகளாகப் பிடிபட்டனர். அப்போது நபியவர்கள் அந்த முத்இமை நினைவுகூர்ந்தார்கள். அவர் உயிருடன் இருந்து இக்கைதிகளுக்காகத் தம்மிடம் பேசியிருந்தால், அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்தில் கூறினார்கள். புகாரியில் இடம்பெறும் செய்தி இது. தம்மைப் பாதுகாத்த ஒருவரை, அவர் மரணித்த பின்னரும், யுத்த களத்தின் வெற்றியின் போதும் நபியவர்கள் மறக்கவில்லை.

இன்னொரு சம்பவம். ஒரு பிரேதம் எடுத்துச் செல்லப்பட்ட போது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று கூறப்பட்டது. அதுவும் ஓர் ஆன்மா அல்லவா என்பதே அவர்களின் பதிலாக இருந்தது. மறுமையின் தீர்ப்பு அல்லாஹ்வுக்குரியது; அதில் நமக்குப் பங்கில்லை. இம்மையில் நன்றி கூறுவது நமது கடமை. அதிலிருந்து நமக்கு விலக்கில்லை. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவன் என்பதல்லவா நாம் கற்ற பாடம்.

நேயர்களே! ஒருவரை நினைவுகூர்வது என்றால் என்ன? பர்வேஸ் மஸீஹின் மரணத்தின் பின்னர் பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்தெழுதின. மார்க்க வேற்றுமைகளைக் கடந்து உயிர் துறந்தவர் என்று பல்கலைக்கழகத் தலைவர் போற்றினார். குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்குவதாக அரசாங்கம் வாக்களித்தது. அவரது மனைவிக்குத் தொழில் தருவதற்குப் பல்கலைக்கழகம் முன்வந்தது. இவை யாவும் நல்லவையே. ஆயினும் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் வாழ்ந்த அந்த வீட்டை, குண்டு வெடிப்பதற்கு முந்திய நாள் எவர் நினைத்தார்? 5,000 ரூபாயில் ஒரு மனிதர் தம் மகளை எவ்வாறு வளர்க்கப் போகின்றார் என்று எவர் கேட்டார்? தொழிலாளி மரணித்த பின் அவருடைய குடும்பத்தைத் தேடும் சமூகம், அவர் உயிருடன் இருக்கும் போதே தேடியிருக்க வேண்டும். உம்மு மிஹ்ஜனின் பெயர் நபியவர்களுக்கு அவர் மரணித்த பின்னர் தெரிய வந்ததன்று. அதற்கு முன்னரே அவரை அறிந்திருந்தபடியால்தான் காணாதபோது கேட்டார்கள்.

பெற்றோர்களே! இப்போது உங்களுடன் சில வார்த்தைகள். பிள்ளை பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விளையாடப் போனால், நம் வீடுகளில் எழும் ஒரு வசனம் உண்டு. படிக்காவிட்டால் தும்புத்தடி பிடிக்க வேண்டி வரும், குப்பை அள்ள வேண்டி வரும் என்று வாப்பாவோ உம்மாவோ ஏசுகின்றார்கள். பிள்ளை படிக்க வேண்டும் என்ற அக்கறையில் கூறும் வார்த்தைதான். ஆனால் பிள்ளை அதிலிருந்து கற்பது கல்வியின் சிறப்பையன்று. தும்புத்தடி பிடிப்பவர் தோற்றுப்போனவர் என்பதையே கற்கின்றது. மறுநாள் அதே பிள்ளை பாடசாலை வாசலில் தும்புத்தடியுடன் நிற்கும் ஒருவரைக் காண்கின்றது. அவருக்கு ஸலாம் கூற அதற்கு எப்படி மனம் வரும்? அவருக்கும் ஒரு வீடு இருக்கின்றது, அந்த வீட்டிலும் இதே பாடப் புத்தகத்தைப் படிக்கும் ஒரு பிள்ளை இருக்கின்றது என்பது அதன் நினைவுக்கு எப்படி வரும்?

அந்த மற்றப் பிள்ளையையும் நினையுங்கள். தன் வாப்பா பல்கலைக்கழகத்தில் சிற்றூழியர் என்று கூறக் கூசி, அங்கே வேலை செய்கின்றார் என்று மட்டும் கூறி நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கின்றனர். அந்தக் கூச்சத்தை அப்பிள்ளையின் உள்ளத்தில் விதைத்தவர்கள் நாமே. பள்ளிவாசலின் சுவரில் உமிழ்நீரைக் கண்டபோது நபி (ஸல்) அவர்கள் தம் கரத்தாலேயே அதனைச் சுரண்டி அகற்றினார்கள் என்று ஹதீஸ்கள் கூறுகின்றன. பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகக் கூறினார்கள். நபியவர்கள் செய்த வேலையை எந்தப் பிள்ளையின் வாப்பா செய்தாலும் அதில் வெட்கம் எங்கிருந்து வந்தது?

தொழிலாளர்களை வைத்திருப்போருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பணியாளர்களை நமது சகோதரர்கள் என்றும், நாம் உண்பதிலிருந்து உண்ணக் கொடுத்து, நாம் உடுப்பதிலிருந்து உடுக்கக் கொடுத்து, சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாது, சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்றும் அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்பித்தார்கள். கூலியை வியர்வை உலரும் முன் கொடுக்குமாறு ஏவினார்கள். பள்ளிவாசலில் பணிபுரியும் மோதினாரின் மாதச் சம்பளம், மத்ரஸாவைக் கூட்டும் தாயின் கூலி, கடையில் நிற்கும் பையனின் உணவு ஆகியவற்றையெல்லாம் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். நிர்வாகக் கூட்டங்களில் வர்ணப்பூச்சுக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் கை தாராளமாக நீள்கின்றது. கூட்டுபவரின் சம்பளத்தைக் கூட்டுவது பற்றிப் பேசும்போது மட்டும் நிதிப் பற்றாக்குறை நினைவுக்கு வருகின்றது.

வளாகங்களில் கற்கும் மாணவ மாணவியரே! உங்கள் விடுதியைக் கூட்டுபவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாதெனில் நாளைக் காலையே கேளுங்கள். முஸ்லிமாயின் ஸலாம் கூறி, காக்கா என்றோ தாத்தா என்றோ அழையுங்கள். தமிழராயின் வணக்கம் கூறி, அண்ணன் என்றோ அக்கா என்றோ அழையுங்கள். சிங்களவராயின் அவர் மொழியில் முகமன் கூறுங்கள். உணவருந்திய மேசையில் எலும்பையும் கடதாசியையும் விட்டு எழுந்து செல்லாதீர்கள். அதனை அள்ளுவதற்குச் சம்பளம் பெறுபவர் இருக்கின்றார் என்று எண்ணாதீர்கள். அவர் பெறும் சம்பளம் இடத்தைப் பராமரிப்பதற்கு. உங்கள் அலட்சியத்தைச் சுமப்பதற்கன்று. பட்டமளிப்பு விழா நாளில் விரிவுரையாளர்களுடன் நின்று புகைப்படம் எடுக்கின்றீர்கள். அதே நாளில், நான்கு ஆண்டுகள் உங்கள் மண்டபத்தைத் துடைத்தவரிடமும் சென்று ஒரு வார்த்தை கூறிவிட்டு வாருங்கள். உங்கள் பெற்றோரையும் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துங்கள். அவர் வீட்டுக்குப் போய், இன்று இன்னார் பட்டம் பெற்றார், என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார் என்று தன் பிள்ளைகளிடம் கூறுவார். அந்த வீட்டில் அன்றிரவு ஏற்படும் மகிழ்ச்சியில் உங்களுக்கும் பங்குண்டு.

பெரிய தியாகங்கள் அனைவருக்கும் விதிக்கப்படுவதில்லை. குண்டுதாரியைத் தடுக்கும் நாள் எவருக்கும் வர வேண்டாம் என்றே நாம் துஆச் செய்கின்றோம். ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் உள்ள நமது வளாகங்களில் பணிபுரிவோர் தம் சேவைக்காலத்தை முடித்து, ஓய்வு பெற்று, பேரப் பிள்ளைகளைக் கண்டு, தம் கட்டிலில் அமைதியாக மௌத்தாகட்டும். அவர்கள் நினைவுகூரப்படுவதற்கு ஒரு வாசலில் குண்டு வெடித்திருக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டுகள் தினமும் அதிகாலையில் சைக்கிளில் வந்து, பிறர் பிள்ளைகள் கற்பதற்காக இடத்தைத் தூய்மையாக்கி, அந்த வருமானத்தில் தம் பிள்ளைகளை ஹலாலாக வளர்த்த ஒரு மனிதரின் வாழ்வே நினைவுகூரப் போதுமானது. ஹலாலான உழைப்பால் குடும்பத்தைப் பராமரிப்பது அல்லாஹ்விடத்தில் கூலி பெற்றுத் தரும் நற்செயல் என்பதை நாம் அறிவோம்.

ஆகவே, இவ்வாறான ஒருவருடைய ஜனாஸா நம் ஊரில் எடுத்துச் செல்லப்படும் போது, அது யாருடையது என்று கேளுங்கள். வேறு மார்க்கத்தவராயின் வீட்டுக்குச் சென்று துக்கம் விசாரியுங்கள். அவருடைய பிள்ளைகளின் கல்வி எவ்வாறு தொடரப் போகின்றது என்று கேளுங்கள். அதற்கும் முன்னதாக, அவர் உயிருடன் இருக்கும் போது, ஒரு நாள் வராவிட்டால், இன்று அவர் எங்கே என்று கேளுங்கள். மதீனாவின் பள்ளிவாசலில் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். அது ஒரு ஸுன்னத்.

யா அல்லாஹ்! உழைப்பவரின் கரத்தை மதிக்கும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக. பிறருடைய பாதுகாப்பைத் தம் அமானிதமாகக் கருதும் பிள்ளைகளாக எங்கள் பிள்ளைகளை ஆக்குவாயாக. வன்செயலின் வழியிலிருந்து எங்கள் இளைஞர்களைக் காப்பாயாக. தந்தையரை இழந்த பிள்ளைகளுக்கு, அவர்கள் எம்மார்க்கத்தவராயினும், அன்பானவர்களைத் துணையாக ஆக்குவாயாக. எங்கள் நாட்டில் எல்லாச் சமூகத்தவரும் ஒருவருடைய வாசலை மற்றவர் காத்து வாழும் பாக்கியத்தைத் தந்தருள்வாயாக. ஆமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரக்காத்துஹு.